லோ பவர் ஸ்பானிஷ் டிவி: மொட்டை மாடிக் குடித்தனம்

கேள்வி: ஜனவரி 6, 2024

டல்லாஸ் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். கேபிள் வாங்காமல் ஜன்னலில் ஒரு ஆன்டெனாவை ஒட்டி ஸ்கேன் செய்தேன். வந்ததில் ஸ்பானிஷ் சேனல்கள் ஏராளம். பல பெயர்களுக்குப் பின்னால் "எல்.டி." என்று ஒட்டியிருக்கிறது, லோ பவர் என்று அர்த்தமாம். யூனிவிஷன், டெலிமுண்டோ என்று இரண்டு பெரிய கம்பெனிகள் இருக்கும்போது இந்தப் பெட்டிக்கடைகள் எதற்கு? பெரியவர்கள் கட்டிய வீட்டில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வரலாறு தெரிந்தவர்கள் சொல்லவும்.

பதில்: ஜனவரி 6, இரவு

தலைகீழாகப் பார்க்கிறீர்கள். பெட்டிக்கடைதான் முதலில் வந்தது. யூனிவிஷனின் வேர் நீங்கள் இருக்கும் டெக்சாஸிலேயே, சான் அன்டோனியோவில் இருக்கிறது. 1955 ஜூன் 10 அன்று ராவுல் கோர்ட்டெஸ் என்பவர் 41-ஆம் சேனலில் கே.சி.ஓ.ஆர். டிவி என்று ஒரு ஸ்டேஷன் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் ஸ்பானிஷ் டிவி ஸ்டேஷன் அது. அன்றைய சாதாரண டிவிப் பெட்டியில் அந்தச் சேனல் வரவே வராது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 7, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "அமெரிக்காவின் முதல்" என்று எழுதியது சரியில்லை. பியூர்ட்டோ ரிக்கோவும் அமெரிக்க ஆட்சிப் பகுதிதான்; அங்கே ஏஞ்சல் ராமோஸ் 1954 மார்ச்சிலேயே டபிள்யூ.கே.ஏ.க்யூ. ஸ்டேஷனைத் தொடங்கிவிட்டார். டெலிமுண்டோ என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். ஆகவே சான் அன்டோனியோவை "கண்டப் பகுதியின் முதல்" என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கே.சி.ஓ.ஆர். சட்டப்படி லோ பவர் ஸ்டேஷன் இல்லை. அந்த வகையே 1982-இல்தான் பிறந்தது. ஆனாலும் கதையை அங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 2 முதல் 13 வரையுள்ள வி.எச்.எஃப். சேனல்கள்தான் அப்போது எல்லாப் பெட்டிகளிலும் வரும். 1952-இல் எஃப்.சி.சி. (ஒளிபரப்புக்கு லைசென்ஸ் கொடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) 14 முதல் 83 வரை யு.எச்.எஃப். சேனல்களைத் திறந்துவிட்டது, ஆனால் அவற்றைப் பிடிக்கும் ட்யூனரைப் பெட்டியில் வைத்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பார்க்க விரும்புகிறவர் தனியாக ஒரு கன்வெர்ட்டர் வாங்கிப் பெட்டியோடு இணைக்க வேண்டும். அந்தக் கட்டாயம் 1962-இல் சட்டமாகி, 1964-இல் நடைமுறைக்கு வந்தது. கோர்ட்டெஸ் தொடங்கி ஒன்பது வருடம் கழித்து.

ஜனவரி 7, இரவு

கோர்ட்டெஸைப் பற்றி. இந்த மனிதரைப் பற்றி எழுதாமல் எனக்கு மேலே போக முடியவில்லை.

மெக்சிகோவின் ஹலாப்பாவில் 1905-இல் பிறந்தவர். சான் அன்டோனியோவில் "லா ப்ரென்சா" பத்திரிகையில் நிருபர். அப்புறம் ஊரில் இருந்த கே.எம்.ஏ.சி. என்ற வானொலியில் நேரத்தைக் காசு கொடுத்து வாங்கி, ஸ்பானிஷ் நிகழ்ச்சி போட்டு, அதற்கு விளம்பரம் பிடித்தார். அடுத்தவர் கடைத் திண்ணையில் நடத்திய வியாபாரம் அது. போர்க்காலத்தில், 1944-இல், சொந்த வானொலிக்கு லைசென்ஸ் கேட்டார். மெக்சிகோ வம்சாவளி மக்களைப் போர் முயற்சிக்குத் திரட்டுவேன் என்று காரணம் சொன்னார். 1946-இல் கே.சி.ஓ.ஆர். வானொலி ஒலித்தது. கோர்ட்டெஸ் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் அதில் அப்படியே இருக்கின்றன.

லூலாக் என்ற லத்தீன் அமெரிக்கர் உரிமை அமைப்புக்கு 1940-களின் கடைசியில் தேசியத் தலைவராகவும் இருந்தார். மெக்சிகன் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கி வைப்பதை எதிர்த்து டெக்சாஸில் நடந்த 1948-ஆம் வருட டெல்காடோ வழக்கு அவர் காலத்துக் காரியம். டிவி தொடங்கியவரின் கையில் ஏற்கெனவே என்ன வேலை இருந்தது என்பது இதில் தெரியும்.

ஸ்டேஷன் ஆரம்பத்தில் மாலை ஐந்து மணி முதல் நள்ளிரவு வரை. கிட்டத்தட்டப் பாதி நிகழ்ச்சிகள் நேரடி. மெக்சிகோவிலிருந்து பாடகர்களையும் நகைச்சுவைக் கலைஞர்களையும் வரவழைத்து, வானொலி ஸ்டுடியோவிலேயே மேடை ஏற்றி, டிவியிலும் வானொலியிலும் ஒரே நேரத்தில் விட்டார்கள். ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. செலவுதான் தாங்கவில்லை. விளம்பரக்காரர்கள் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை பேர் பார்க்கிறார்கள்? கணக்கெடுப்பவர்கள் ஸ்பானிஷ் பேசும் வீடுகளைச் சரியாக எண்ணவில்லை. எண்ணாத வீடு விளம்பரக்காரருக்கு இல்லாத வீடு. கன்வெர்ட்டர் வாங்கி, சேனலைத் தேடிப் பிடித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த மக்கள் காகிதத்தில் எங்கேயும் இல்லை.

1961-இல் டிவியை விற்றுவிட்டு வானொலியை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 8

வாங்கியவர்கள் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோர்ட்டெஸின் மருமகன் எமிலியோ நிக்கோலாஸ், மெக்சிகோ டிவி அதிபர் எமிலியோ அஸ்காராகா விடாவுரெட்டா, ரெனே அன்செல்மோ ஆகியோர் இருந்த குழு. ஸ்டேஷன் பெயர் கே.டபிள்யூ.இ.எக்ஸ். ஆனது. 1962-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 34-ஆம் சேனலில் கே.எம்.இ.எக்ஸ். வந்தது, அதுவும் யு.எச்.எஃப்.தான். இரண்டையும் சேர்த்துக் கட்டிய வலைதான் ஸ்பானிஷ் இன்டர்நேஷனல் நெட்வொர்க்.

நிக்கோலாஸ் உயிரியல் படித்து, போலியோ தடுப்பூசி ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். மாமனாரின் ஸ்டேஷனுக்கு வந்து பல வருடம் அதிலேயே தங்கிவிட்டார். 2019-இல் காலமானார்.

வலை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மெக்சிகோவிலிருந்து வந்த டேப்பை ஒரு ஊர் ஒளிபரப்பிவிட்டு அடுத்த ஊருக்கு அனுப்பும். லைப்ரரி புத்தகம் கைமாறுகிற மாதிரி. 1976-இல் செயற்கைக்கோள் வழியாக ஸ்டேஷன்களை இணைத்தார்கள், அதுவும் பெரிய ஆங்கில நெட்வொர்க்குகளுக்கு முன்னாலேயே. அடுத்த கட்டத்துக்கு இதுதான் திறவுகோல். வானத்திலிருந்து சிக்னல் வருகிறது என்றால் எந்த ஊரிலும் ஒரு டிஷ்ஷும் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரும் போதும்.

ஜனவரி 9

சரி, இப்போது லோ பவர்.

மலைப்பள்ளத்து ஊர்களுக்குத் தூரத்து ஸ்டேஷனை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்லேட்டர்கள் 1956 முதலே உண்டு. சொந்தமாக நிகழ்ச்சி போட அவற்றுக்கு அனுமதி கிடையாது. 1982-இல் எஃப்.சி.சி. அந்தச் சின்ன டிரான்ஸ்மிட்டர்களிலேயே சொந்த நிகழ்ச்சியும் போடலாம் என்று விதியை மாற்றியது. விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்து, கடைசியில் 1983-இல் குலுக்கல் போட்டு லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சக்தி எவ்வளவு? அனலாக் காலத்தின் பிற்பகுதியில் முழு யு.எச்.எஃப். ஸ்டேஷன் வீசும் சக்திக்கு உச்சவரம்பு 5,000 கிலோவாட். லோ பவருக்கு 150. டிஜிட்டலில் 1,000-க்கு 15.

சக்தியைவிட முக்கியம் அந்தஸ்து. லோ பவர் இரண்டாந்தர உரிமை. நீ பெரியவருக்கு இடைஞ்சல் கொடுத்தால் நீதான் விலக வேண்டும். பெரியவர் உனக்கு இடைஞ்சல் கொடுத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேபிள்காரர் உன்னைக் கட்டாயம் ஏற்ற வேண்டும் என்பதும் பெரும்பாலும் கிடையாது.

பெயரிலேயே இது தெரியும். முழு ஸ்டேஷனுக்கு நான்கெழுத்துப் பெயர். லோ பவருக்கு கே அல்லது டபிள்யூ, அப்புறம் சேனல் எண், அப்புறம் இரண்டெழுத்து. சிறைக் கைதி எண் போல இருக்கும். நான்கெழுத்துப் பெயரும் வால் ஒட்டும் பின்னால்தான் வந்தன. நீங்கள் பார்த்த "எல்.டி." அந்த வால்தான்.

ஜனவரி 9, பின்னிரவு

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று தனிமடலில் கேட்டவருக்கு இங்கேயே சொல்கிறேன்.

2009-இல் டெக்சாஸில் ஒரு நடுத்தர ஊரில் இருந்தேன். மாடி வீட்டில் மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மா. நான் சென்யோரா என்பேன், அவர் என்னை மிஹோ என்பார். "என் பிள்ளை" என்று அர்த்தம். அவர் நாள் முழுக்கப் பார்த்தது ஊரிலேயே இருந்த ஒரு லோ பவர் ஸ்டேஷன். டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரே ஒரு கேமரா. நான் ஒருமுறை போயிருக்கிறேன். டிரான்ஸ்மிட்டர் நம் வீட்டுப் பீரோ அளவுதான். மதியம் ஊர்க் காரியங்களை வாசிப்பார்கள்: யார் இறந்தார், எந்தக் கோயிலில் பூசை, எங்கே ஆள் எடுக்கிறார்கள், தொலைந்த நாய். வாரத்தில் மூன்று நாள் ஆங்கிலப் பாடம்.

அந்த ஜூன் 12 அன்று முழுச் சக்தி ஸ்டேஷன்கள் அனலாக்கை நிறுத்தின. அதற்காக அரசாங்கம் வீட்டுக்கு இரண்டு 40 டாலர் கூப்பன் கொடுத்து, டிஜிட்டல் கன்வெர்ட்டர் பெட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னது. சென்யோராவும் வாங்கினார். பெட்டியை மாட்டியதும் அவருடைய ஸ்டேஷன் மறைந்துவிட்டது.

ஸ்டேஷன் எங்கேயும் போகவில்லை. லோ பவருக்கு அந்தக் கெடு பொருந்தாது. அவர்கள் அனலாக்கிலேயே தொடர்ந்தார்கள். ஆனால் பல கன்வெர்ட்டர் பெட்டிகள் அனலாக் சிக்னலை உள்ளே விட்டு வெளியே அனுப்பாது, அப்படியே அடைத்துவிடும். பெட்டி விற்ற கடையில் போய்க் கேட்டபோது, "அந்த ஸ்டேஷனை மூடிவிட்டார்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் நம்பிவிட்டார். இரண்டு வாரம் டிவி போடவே இல்லை.

ஆன்டெனா வயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பெட்டிக்கும் ஒன்றை நேராக டிவிக்கும் கொடுத்து, நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்தேன். மொத்தச் செலவு பத்து டாலருக்குள். ஸ்விட்சைத் தட்டியதும் புள்ளி புள்ளியாகப் படம் வந்தது. மரண அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. "பார், செத்துப்போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்கு எனக்கு கோர்ட்டெஸைத் தெரியாது. பின்னால் படித்தபோதுதான் உறைத்தது. 1955-இல் சான் அன்டோனியோவில் ஸ்பானிஷ் சேனலைப் பார்க்கக் கன்வெர்ட்டர் வாங்க வேண்டியிருந்தது. 2009-இல் கன்வெர்ட்டர் வாங்கியதால் ஸ்பானிஷ் சேனல் காணாமல் போனது. இரண்டு முறையும் பெட்டியை வடிவமைத்தவர்கள் மனதில் இந்த வீடுகள் இல்லை.

ஜனவரி 11

அஸ்காராகா பணம் வந்தது நல்லதா கெட்டதா என்று கேள்வி. முதலில் "கெட்டது" என்று நீளமாக எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று படித்தால் பாதி நியாயம்தான் அதில் இருக்கிறது.

கெட்ட பக்கம்: மெக்சிகோவிலிருந்து தொடர்கள் தயாராக வந்து இறங்கினால் உள்ளூர் மேடைக்கு வேலை குறையும். கோர்ட்டெஸ் பாதி நேரத்தை நேரடி நிகழ்ச்சிக்குக் கொடுத்தார். அந்த அளவு பிறகு நிற்கவில்லை. ஸ்டேஷன்கள் வெளிநாட்டார் கட்டுப்பாட்டில் இருந்தது சட்டச் சிக்கலும் ஆனது. 1986-இல் எஃப்.சி.சி. நீதிபதி அதை விதிமீறல் என்று தீர்ப்பளித்தார். ஸ்டேஷன்கள் ஹால்மார்க் குழுவுக்கு 30 கோடி டாலருக்குக் கைமாறின. 1987-இல் நெட்வொர்க்குக்கு யூனிவிஷன் என்று பெயர் வந்தது. எண்ணப்படாத வீடுகள் என்று ஒதுக்கியவற்றுக்கு அந்த விலை.

நல்ல பக்கம்: அந்த நிகழ்ச்சிகள் இல்லாமல் கே.டபிள்யூ.இ.எக்ஸ். 1960-களைத் தாண்டியிருக்காது. உள்ளூர்ச் செய்தியும் முழுக்க அழியவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கே.எம்.இ.எக்ஸில் செய்தி இயக்குநராக இருந்த ரூபன் சலசார் 1970 ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலச் செய்திக்குப் போன இடத்தில் ஷெரிஃப் காவலர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்தார். 34-ஆம் சேனல் என்று ஒன்று இருந்ததால்தான் அவருக்கு அந்த மைக் கிடைத்தது. ஆகவே வெறும் "கெட்டது" என்று எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஜனவரி 11, சற்று நேரம் கழித்து

உள்ளூர் நிகழ்ச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. 1999 நவம்பரில் ஒரு சட்டம் வந்தது. தினம் 18 மணி நேரம் ஒளிபரப்பி, வாரம் மூன்று மணி நேரமாவது உள்ளூரில் தயாரித்ததைப் போட்டுவந்த லோ பவர் ஸ்டேஷன்களுக்கு "கிளாஸ் ஏ" என்ற பாதுகாப்பு. அதைப் பெற்றவரைச் சுலபமாகக் கிளப்ப முடியாது.

சென்யோராவின் ஸ்டேஷனுக்கு அது கிடைக்கவில்லை. 1999-இல் அதை வைத்திருந்தவர் டிஷ்ஷில் வந்ததை அப்படியே மறுஒளிபரப்பு செய்துகொண்டிருந்தார். டயர் கடைக்காரர்கள் வாங்கி உள்ளூர்க் காரியம் வாசிக்க ஆரம்பித்தபோது கதவு சாத்தியாகிவிட்டது. உழைத்தவர்கள் வந்தபோது பரிசு கொடுத்து முடித்துவிட்டார்கள். இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஜனவரி 13

தலைப்பில் "மொட்டை மாடி" என்று ஏன் வைத்தேன் என்று கேட்டிருந்தார்கள். சேனல் எண்களைக் கட்டடம் மாதிரி நினைத்துப் பாருங்கள். 1952-இல் 83 மாடி. உச்சியில் 70 முதல் 83 வரை டிரான்ஸ்லேட்டர்கள் குடியிருந்தன. அதை இடித்து செல்போனுக்குக் கொடுத்தார்கள். அப்புறம் 52 முதல் 69 வரை. 2009 மாற்றத்தோடு அதுவும் போனது. அப்புறம் டிவி அலைவரிசையைப் போன் கம்பெனிகளுக்கு விற்ற 2016-17 ஏலம்: 38 முதல் 51 வரை. 37-ஐ வானொலி வானியலுக்கு ஒதுக்கியிருப்பதால் அதில் எப்போதும் டிவி கிடையாது. இப்போது கூரை 36.

ஒவ்வொரு முறையும் உச்சியில் இருந்தவர்களில் சின்ன டிரான்ஸ்மிட்டர்களும் நிறைய. கீழ்மாடிகளில் பெரும்பாலானவற்றைப் பெரியவர்கள் முதலிலேயே எடுத்துவிட்டார்கள்.

நல்ல உதாரணம் வாஷிங்டன். அமெரிக்கத் தலைநகரில் டெலிமுண்டோ வந்துகொண்டிருந்தது டபிள்யூ64பி.டபிள்யூ. என்ற ஸ்டேஷனில். பெயரிலேயே 64. அந்த மாடி போனதும் 25-க்கு இறங்கி, டபிள்யூ.இசட்.டி.சி. ஆனது. அவர்களிடம் கிளாஸ் ஏ இருந்தது, அதனால் ஏலத்தில் அலைவரிசையை விற்றுக் காசு பார்க்க முடிந்தது, இன்று ஆங்கில நெட்வொர்க்கான என்.பி.சி.யின் டபிள்யூ.ஆர்.சி. ஸ்டேஷனோடு ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்கிறது. 2018-இல் என்.பி.சி. யூனிவர்சல் கைக்கும் போனது.

வெறும் லோ பவருக்கு அந்த ஏலத்தில் விற்கவும் உரிமை இல்லை, தங்கவும் உரிமை இல்லை. மொத்தம் 1,980 கோடி டாலர் வந்த ஏலம். அலைவரிசையை வாங்கிய போன் கம்பெனி 120 நாள் நோட்டீஸ் கொடுத்தால் கிளம்ப வேண்டியதுதான். மாறும் செலவுக்கு 2018-இல்தான் நாடாளுமன்றம் 15 கோடி டாலர் ஒதுக்கியது.

டயர் கடை ஸ்டேஷனுக்கும் நோட்டீஸ் வந்தது. புது ஆன்டெனா, புது டிரான்ஸ்மிட்டர், ஏழு மாதம் மௌனம். திரும்பி வந்தபோது டிஜிட்டலில், ஒரே அலைவரிசைக்குள் ஐந்து உபசேனல்கள். நான்கை வெளியாருக்கு வாடகைக்கு விட்டுத்தான் பிழைக்கிறார்கள். ஊர்க் காரியம் வாசிப்பு இப்போது அரை மணி நேரம்.

ஜனவரி 13, சேர்ப்பு

காரில் 87.7-இல் டிவி ஒலி கேட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். அனலாக் 6-ஆம் சேனலின் ஒலி 87.75 மெகாஹெர்ட்ஸில் போகும், எஃப்.எம். பட்டையின் அடிநுனியில் ரேடியோவில் விழும். அதை வைத்தே சில லோ பவர் ஸ்டேஷன்கள் வானொலி நடத்தின. 2021 ஜூலை 13 அன்று லோ பவர் அனலாக்கும் முடிந்தது. 2023-இல் எஃப்.சி.சி. 14 ஸ்டேஷன்களுக்கு மட்டும் அந்த ஒலியைத் தொடர அனுமதித்தது.

ஜனவரி 16

சான் அன்டோனியோ கட்டடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: முடியாது. ஆற்றோரமாக செசார் சாவெஸ் சாலையில் இருந்தது. 2013 நவம்பரில் இடித்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வழக்கு போட்டும், மறியல் செய்து கைதாகியும் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த வருடம் நான் போனபோது அடுக்குமாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பூச்சு வேலை பார்த்தவர் ஒருவரிடம் இங்கே முன்பு என்ன இருந்தது தெரியுமா என்று கேட்டேன். "நாற்பத்தொன்று," என்றார் ஸ்பானிஷில், எண்ணை மட்டும். அவருடைய அம்மா அப்படித்தான் சொல்வாராம்.

ஜனவரி 20

முதலில் கேட்ட நண்பருக்கு. 2023 ஜனவரியில் இன்னொரு சட்டம் கையெழுத்தானது: 95,000 டிவி வீடுகளுக்கு மேல் இல்லாத சின்னச் சந்தைகளில் லோ பவர் ஸ்டேஷன்கள் மறுபடி கிளாஸ் ஏ கேட்க அது ஒரு வருட அவகாசம் தந்தது. டல்லாஸுக்குப் பொருந்தாது. டயர் கடை ஸ்டேஷன் இருக்கும் ஊர் அந்த வரம்புக்குள் வருகிறது. விண்ணப்ப வேலையில் இருப்பதாகப் போனில் சொன்னார்கள். வாரம் மூன்று மணி உள்ளூர் நிகழ்ச்சி என்ற பழைய கணக்கு இதிலும் உண்டு, கிடைத்த பிறகும் அதைத் தொடர வேண்டும், அதனால் அரை மணியை நீட்டப் பார்க்கிறார்கள். ஆங்கிலப் பாடம் திரும்ப வரும் போலிருக்கிறது.

நீங்கள் ஆன்டெனாவை எந்தப் பக்க ஜன்னலில் வைத்திருக்கிறீர்கள்? டல்லாஸ் டவர்களில் பெரும்பாலானவை தெற்கே சீடர் ஹில்லில் இருக்கின்றன. லோ பவர் பல அங்கே இல்லாமலும் இருக்கும். ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று தடவை ஸ்கேன் செய்யுங்கள். மதிய நேரத்தில் எதிலாவது ஒருவர் மேசையில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தால், அந்தச் சேனல் எண்ணை இங்கே எழுதுங்கள்.